அமுக்கிப் பிடிக்கும் இருபது நிமிடம்

கேத் லேபில் எனக்கு ஒரு வேலை உண்டு.
டியூட்டி சார்ட்டில் எழுதாத வேலை.
டாக்டர் கையுறையைக் கழற்றி வீசிப் போனபிறகு
தொடை மடிப்பில் செருகிய குழாயை உருவி
துளைக்கு இரண்டு விரல் மேலே
அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது.
கடிகாரத்தைப் பார்க்கலாம்.
கையை எடுத்துப் பார்க்கக் கூடாது.

இப்படிப் பிடித்து நின்றிருக்கிறேன்
குளச்சல் மீன்காரியை,
தக்கலையில் ஒரு தாசில்தாரின் மாமியாரை,
கன்னியாஸ்திரீ ஒருவரை.
அவர் கண்ணை மூடிச் செபமாலை சொன்னார்,
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
ஆண்களுக்கு விஜின்.

பிறகு மணிக்கட்டு வந்தது.
புதிதாக வந்த டாக்டர் வினிதன் கொண்டுவந்தது.
கையில் நுழைந்து, தோள் ஏறி,
நெஞ்சுக்குள் வளைந்து, கழுத்து வழியே தலைக்கு.
முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் பட்டை, அதில் கொஞ்சம் காற்று.
பட்டையே அமுக்கிக்கொள்ளும்.
நோயாளி எழுந்து உட்கார்ந்து ரசவடை கேட்பார்.
எனக்கு இருபது நிமிடம் மிச்சம்.
அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

புஷ்பலீலா, நாற்பத்தாறு, கீரிப்பாறை,
ரப்பர் பால்வெட்டு.
மூளை நாளம் ஒன்று கிளைக்கும் கவையில்
ஆறு மில்லிமீட்டர் குமிழ். இன்னும் வெடிக்காதது.
டாக்டர் வலக்கையை நீட்டச் சொன்னார்.
அவள் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டாள்.
"தொடையில செய்யுங்க சார். இது எனக்க வெட்டுக் கை.
கூச்சம் ஒரு நாளோட போவும்.
கை தெனமும் வேணும்."

அவள் மாப்பிள்ளை யோபுராஜ் கேட்டது வேறு:
"கைக்கும் தொடைக்கும் காப்பீட்டுல ஒரே ரேட்டா?"

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
தக்கலையிலிருந்து வில்லுக்குறி வழி வந்தாலும்
திங்கள்சந்தை சுற்றி வந்தாலும் நாகர்கோவில்தான்,
ஆனால் தொடையில் கசிந்தால்
உள்ளேயே தேங்கும், தெரியாது,
கையில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியும்.
அவள் யோசித்தாள்.
"கட்டையில படாதுல்லா?"

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கு ஊர் அருமனை.
பட்டையில் நூல் கனம் மிச்சம் வைத்து வெட்ட வேண்டும்.
கத்தி கட்டையைத் தொட்டால் மரம் முடிச்சுப் போடும்,
அந்த இடத்தில் பிறகு வெட்ட முடியாது.
"படாது" என்றேன்,
டாக்டரைக் கேட்காமல்.

முஷ்டியை மடக்கச் சொல்லி
மணிக்கட்டின் இரு நாடியையும் அழுத்தினேன்.
விரித்தபோது உள்ளங்கை வெளுத்திருந்தது,
ஒட்டுப்பால் கறை மட்டும் கறுப்பாக.
ஒரு நாடியை விட்டேன்.
ஐந்து எண்ணுவதற்குள் சிவந்தது.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது.
ஆனாலும் நாளம் பாதியில் குழாயை இறுக்கிப் பிடித்தது.
மருந்து விட்டுத் தளர்த்தினால்
நெஞ்சு வளைவில் இடது கழுத்துக்குத் திரும்ப மறுத்தது,
பார்வதிபுரத்தில் மாலை ஐந்து மணிக்கு
பஸ் நிற்பதுபோல.
நாற்பது நிமிடம்.
"தொடை" என்றார் டாக்டர், அவ்வளவுதான்.
நான் துணியை விலக்கினேன்.
அந்த வழியே பிளாட்டினச் சுருள்கள் போய்
குமிழுக்குள் நூலுருண்டையாய் அடைந்தன.

ராத்திரி ஐ.சி.யூ.வில் குழாயை உருவினேன்.
இரண்டு விரல் மேலே. என் எடை முழுதும் விரல் நுனியில்.
விழித்திருந்தாள்.
"கை வழி போவல்லியா?"
"கொஞ்ச தூரம் போச்சு."
மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தாள்.
"ரெண்டு எடத்துலயும் வெட்டியாச்சு"
என்று தலையை அசைக்காமல் சிரித்தாள்.
"எம்புட்டு நேரம் பிள்ளே இப்பிடி நிப்பே?"
"இருபது நிமிசம்."
"மரத்த ஆரும் அமுக்குததில்ல.
வெயிலு ஏறினா பாலு தானா நிக்கும்."

நான் பதில் சொல்லவில்லை. பேசினால் விரல் தளரும்.
என் முழங்கை நடுங்க ஆரம்பித்திருந்தது.
விரலுக்கடியில் அவள் நாடி
முட்டிக்கொண்டே இருந்தது.

பதினாலாவது நிமிடம், ஜெனரேட்டர் ஷெட் தகரத்தில் மழை.
"நாளைக்கு வெட்டு இல்ல" என்றாள், பாதித் தூக்கத்தில்.
போர்வைக்கடியில் வலக்கை
இடமிருந்து வலமாக, சரிவாக இறங்கியது.
மறுபடி மேலேறி, மறுபடி சரிவாக.
நான் தடுக்கவில்லை.
அசையக் கூடாதது கால்தான்.
இன்னும் ஆறு நிமிடம்.